பாரம் பிடிக்காத மச்சாள்

எங்கள் வீட்டுக்கு வந்தால் மச்சாள் உடனே கதிரையில் இருக்கமாட்டார். கைக்கு எட்டுகிற ஏதாவது ஒரு பொருளைத் தூக்கி, உள்ளங்கையில் வைத்து, மெல்ல ஏற்றி இறக்கிப் பார்ப்பார். அது என் கைப்பையாக இருக்கலாம், குசினியில் கிடந்த தாச்சியாக இருக்கலாம், மகனுடைய புத்தகப்பையாகவும் இருக்கலாம். பார்த்துவிட்டுக் கேட்பார்:

"உது என்னத்துக்கு மச்சாள் இவ்வளவு பாரம்?"

பதிலுக்குக் காத்திருக்கமாட்டார். பையைத் திறந்து, அன்றைக்குத் தேவையில்லாத கொப்பிகளை எடுத்து மேசையில் அடுக்கத் தொடங்கிவிடுவார்.

அவர் என் கணவரின் அக்கா; நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவோம். கொழும்புத்துறையில் பிறந்து, அங்கேயே வாழ்ந்து, கலியாணம் கட்டாமல், சொந்தமாக ஒரு பிக்கப் ஓட்டி மீன் வியாபாரம் செய்தவர். காலையில் கரையில் மீன் எடுத்து, பெட்டிகளில் ஐஸ் போட்டு, தெல்லிப்பழைப் பக்கம் வரைக்கும் கொண்டுபோய் விற்பார். பல வருடங்கள் நானும் அவரோடு போனேன். ஓட்டுவது அவர் வேலை, வாடிக்கையாளரோடு கதைப்பது என் வேலை. அவர் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. மாரடைப்பு வந்தது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் நேரம் தரவில்லை. இன்றைக்கும் கடைக்குப் போய்ப் பையைத் தூக்கும்போது அவருடைய கேள்விதான் முதலில் காதில் விழுகிறது.

ஊரில் அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். இடம்பெயர்ந்து போனபோது தலையிலும் தோளிலும் சுமந்த சுமைதான் மனதில் நின்றுவிட்டது என்பார்கள். மச்சாளுக்கு அதைக் கேட்டாலே கோபம் வரும்.

"எல்லாத்துக்கும் சண்டையைச் சொல்லாதேங்கோ. எனக்குச் சின்னனிலையே பாரம் பிடிக்காது. கேட்டுப் பாருங்கோ என்ரை தம்பியை."

என் கணவரும் ஓம் என்பார். பள்ளிக்கூடத்துக்குக் கணக்குப் புத்தகத்தில் அன்றைக்குப் படிப்பிக்கிற அத்தியாயத்தை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டு போய் அடி வாங்கியவராம் அக்கா.

அந்தப் பிக்கப் வந்தபோது ஒரு யானை மாதிரி இருந்தது. சண்டை முடிந்த பிறகு ஏதோ ஒரு தொண்டு நிறுவனம் ஓட்டிக் களைத்து ஏலத்தில் விட்ட வண்டி. நான்கு சில்லும் இழுக்கிற வகை. முன்னுக்கு மாடு முட்டினாலும் அசையாத இரும்புக் கம்பி. கூரையில் கட்டில் அளவில் ஒரு இரும்புச் சட்டம். வாங்கிய கிழமையே சட்டமும் கம்பியும் போய்விட்டன. பின் ஆசனம் போனது. பிறகு மச்சாள் வண்டிக்குக் கீழே சாக்கு விரித்துப் படுத்து அண்ணாந்து பார்த்தார். நான் பக்கத்தில் தேத்தண்ணியோடு நின்றேன். தேத்தண்ணி ஆறிப்போனது.

அடுத்த நாள் இணுவிலில் இருந்த ஒரு கராஜுக்குப் போனோம். கராஜ் நடத்திய தம்பி எங்களுக்கு நல்ல பழக்கம்.

"தம்பி, முன் சில்லை இழுக்கிற சாமான் முழுக்கக் கழட்டவேணும்," என்றார் மச்சாள்.

"கழட்டித் துப்பரவாக்கிப் பூட்டவோ அக்கா?"

"கழட்ட மட்டும்."

அவன் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"அக்கா, ஆக்கள் உதுக்காகத்தான் உந்த வண்டியைத் தேடி வாங்கிறவை. மலை ஏறுற வண்டி."

"யாழ்ப்பாணத்திலை எங்கையடா மலை?"

அவன் உண்மையாகவே யோசித்தான். "கீரிமலை?"

"அது பேரிலைதான் மலை. அங்கையும் கேணிக்குள்ளை இறங்கத்தான் படி கிடக்கு."

வேலை லேசாக முடியவில்லை. முன்பக்கத்துக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி கியர்பொக்ஸோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றினால் பின் சில்லு மட்டும் இழுக்கிற வண்டியின் கியர்பொக்ஸும் அதற்கேற்ற நீளமான தண்டும் வேண்டும். கொழும்பிலிருந்து அது வந்துசேரும்வரை பிக்கப் மரக்குத்திகளில் ஏறி நின்றது, நாங்கள் ஓட்டோவில் மீன் கொண்டுபோனோம். ஒரு நாள் பின்னேரம் எல்லாம் பூட்டி முடித்தபோது, கழற்றிய இரும்பு கராஜ் நிலத்தில் ஒரு குவியலாகக் கிடந்தது. அச்சுத் தண்டுகள், பல்லுச் சக்கரப் பெட்டிகள், எண்ணெய் வடியும் உருளைகள். கராஜ் தம்பி ஒரு பெட்டியைத் தனியாகத் தூக்கப் பார்த்து முடியாமல் விட்டான். மச்சாள் இடுப்பில் கை வைத்தபடி குவியலைச் சுற்றி நடந்தார்.

"உவ்வளத்தையும் நான் ஒவ்வொரு நாளும் தெல்லிப்பழைக்குக் கொண்டுபோய்க் காட்டிப்போட்டுத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறன்," என்றார்.

முன்பக்கம் பாரம் குறைந்ததால் வண்டி மூக்கை நிமிர்த்திக்கொண்டது. விடியக்காலையில் கரைக்குப் போகும்போது லைற் வெளிச்சம் வீதியில் விழாமல் உயரப் பனை வட்டுகளில் விழுந்தது. கரையில் நின்ற ஒருவர், "என்ன பிள்ளை, வௌவால் பிடிக்கப் போறியோ?" என்று கேட்டார். முன்பக்கத்தைத் தாங்குகிற முறுக்குக் கம்பியைத் தளர்த்தி மூக்கை இறக்கிய பிறகுதான் நக்கல் நின்றது. அதற்குப் பிறகு வண்டி ஓடிய ஓட்டம் வேறு. ஸ்ரேறிங்கை ஒரு விரலால் திருப்பலாம். மாரியில் களப்போரம் சேறாகும்போது பெரிய பெரிய வண்டிகள் புதைந்து உறுமிக்கொண்டு நிற்க, எங்கள் பிக்கப் ரயரில் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டு மேலாலேயே போய்விடும்.

அவர் செய்ததெல்லாம் சரி என்று நான் சொல்லமாட்டேன். மேலதிகச் சில்லையும் ஒரு நாள் கழற்றி வீட்டில் போட்டுவிட்டார். "ரயர் புதுசுதானே, காத்துப் போகாது" என்றார். காற்றுப் போனது. போனது இணுவிலில், கோயில் திருவிழா நாளில், தேர் பார்க்க வேட்டியும் பட்டுச் சேலையுமாகச் சனம் நிறைந்து போய்க்கொண்டிருந்த வீதியில். வெயிலில் ஐஸ் உருகி, மீன் தண்ணீர் வீதியில் ஓடத் தொடங்கியது. விரதகாரர் மூக்கைப் பொத்தினார்கள். ஒரு ஐயா எங்களுக்கு முன்னால் வந்து நின்று, திருநீற்றைத் தொட்டுக்கொண்டு போய்விட்டார். கராஜ் தம்பி கோயிலுக்குப் போட்ட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துதான் எங்களை அங்கிருந்து அப்புறப்படுத்தினான். வீட்டு வாசலில் இறங்கும்போது மச்சாள் சொன்னார்: "சில்லு வேணும்தான்."

பின்பக்க வில்லுத் தகடுகளின் கதைதான் பெரிய கதை. பிக்கப்புக்குப் பின்னால் பாரத்தைத் தாங்குவது, வளைந்த இரும்புத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய வில். மீன் ஏற்றுகிற வண்டியில் அது நிலைக்காது. உருகிய ஐஸ் உப்புத் தண்ணீராக ஒழுகி, தகடுகளுக்கு இடையில் புகுந்து, துருப்பிடித்துத் தின்றுவிடும். தெல்லிப்பழைக்குக் கிட்ட ஒரு நாள் 'டொக்' என்று ஒரே சத்தம். தகடு இரண்டாக முறிந்திருந்தது. மச்சாள் முறிந்த துண்டைக் கையில் ஏந்திப் பார்த்தார்.

"பாரமும் கூட. உப்புக்கும் ஆகாது. பிறகென்னத்துக்கு இரும்பு?"

என் கணவர் கொழும்புத்துறையில் பைபர் வள்ளம் செய்யும் பட்டறை வைத்திருந்தார். முறிந்த தகட்டை அக்கா அவருடைய மேசையில் கொண்டுவந்து போட்டார்.

"உதைப் பைபரிலை செய்து தா."

"அக்கா, நான் வள்ளம் செய்யிறவன். வளையக்கூடாது எண்டுதான் பைபர் போடுறன். நீ வளையிற சாமான் கேக்கிறாய்."

"வளையவேணும், வளைஞ்சது திரும்பி வரவேணும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானோ!" என்று சிரித்தார் அவர். ஆனால் அன்றைக்கே ஒரு மரத்துண்டை வளைவாகச் சீவி அச்சு செய்யத் தொடங்கினார்.

வள்ளத்துக்குப் பாய் போலப் பரப்புகிற கண்ணாடி நார் இதற்குச் சரிவராது. நீளப்பாட்டுக்கு ஓடுகிற நூல் வேண்டும். நூலை விறைப்பாக இழுத்துப் பிடிப்பது என் வேலையாக இருந்தது. அவர் பசை ஊற்ற, மச்சாள் உருளையால் காற்றை அழுத்தி எடுப்பார். கையெல்லாம் தினவெடுக்கும், தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு படுப்போம். முதல் வில் ஆணிக்குத் துளை போட்ட இடத்திலேயே பிளந்துபோனது. நூலை அறுத்தால் பலம் போய்விடும் என்று அப்போதுதான் விளங்கியது. அடுத்ததில் துளை போடாமல் மேலும் கீழும் தகடு வைத்து இறுக்கினார்கள். முழுவதும் பைபராக இருக்கவேண்டும் என்று மச்சாள் நின்றார். என் கணவர் விடவில்லை.

"மேலை ஒரு இரும்புத் தகடு இருக்கட்டும் அக்கா. பைபர் போனாலும் சில்லு அச்சு இடத்தை விட்டுப் போகாது. நீ ஓடுற வண்டி."

ஒரு நாள் முழுக்க வாதாடிவிட்டு, பின்னேரம் மச்சாள் இறங்கிவந்தார்.

வில்லை இரண்டு கல்லுக்கு நடுவில் வைத்து, மேலே பலகை போட்டு, சொந்தக்காரரையெல்லாம் ஏறி நிற்கச் சொல்லிச் சோதித்தார்கள். உடம்பு பெருத்த பெரியப்பா தயங்கினார். "நான் எத்தினை கிலோ எண்டு எனக்கே தெரியாது பிள்ளை." "நீங்கள் ஏறுங்கோ பெரியப்பா, வில்லு சொல்லும்." ஏறினார். வில் தாழ்ந்தது, அவர் இறங்க நிமிர்ந்தது. முற்றமே கைதட்டியது. பழைய தகடுகளை இரண்டு பேர் பிடித்து இழுத்துக்கொண்டுபோக, புது வில்லை மச்சாள் பாண் வாங்கி வருவதுபோலக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தார்.

"இரும்பு சொல்லாமல் முறியும். இது சொல்லிப்போட்டுத்தான் போகும்," என்று பார்த்தவர்களுக்கெல்லாம் விளக்கினார். பாரம் கூடினால் பைபர் முதலில் நொறுநொறுவென்று முனகும், வெள்ளைக்கோடு காட்டும் என்பது அவர் சொன்ன கணக்கு.

வண்டி இலேசானதைக் கண்ட வியாபாரிகள், இனி இன்னும் நான்கு பெட்டி கூட ஏற்றலாமே என்றார்கள். மச்சாள் மறுத்துவிட்டார். "நான் இறக்கினது ஏத்துறதுக்கோ?"

அவர் ஏற்றவில்லை. ஏற்றியது என் கணவர். மச்சாள் காய்ச்சலில் கிடந்த ஒரு நாள், வழக்கமான மீனோடு, பட்டறை வாடிக்கையாளர் ஒருவருடைய வள்ளத்துக்கான வெளியிணைப்பு எஞ்சினையும் பசைப் பீப்பாய்களையும் சேர்த்து ஏற்றிக்கொண்டார். நான் பக்கத்தில் இருந்தேன். கோண்டாவில் தாண்டும்போது பின்னால் முனகல் கேட்டது.

"சத்தம் கேக்குதப்பா, நிப்பாட்டுங்கோ. கொஞ்சத்தை இறக்கி வைப்பம்."

"கிட்டத்தானே, மெல்லப் போயிடுவம்."

போகவில்லை. வண்டி ஒரு பக்கமாகச் சரிந்து ரயரில் குந்தியது. மேல் இரும்புத் தகடு அச்சைப் பிடித்து வைத்திருந்ததால் எங்களுக்கு ஒன்றும் இல்லை. மீன் முழுக்க வெயிலில் போனது. காய்ச்சலோடு, தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு, மச்சாள் ஓட்டோவில் வந்து இறங்கினார். குனிந்து வில்லைத் தடவினார். அது தும்பு போலப் பிரிந்திருந்தது.

"உது உனக்குச் சொல்லேல்லையோ?"

"சொன்னது," என்றார் என் கணவர்.

"அப்ப நீ நம்பாதது வில்லை இல்லை. என்னை."

என் கணவர் வெட்கத்தில் கோபப்பட்டார். வீதியில் சனம் பார்க்க, இனி உந்த விசர் வேலைக்கு என்னைக் கேட்கவேண்டாம் என்று கத்தினார். பிக்கப்புக்குத் திரும்பவும் இரும்புத் தகடுகளே பூட்டப்பட்டன. அக்காவும் தம்பியும் கதைக்காமல் ஒரு சோளகக் காற்றுக் காலமும் ஒரு வாடைக் காற்றுக் காலமும் போயின. நான் இரண்டு வீட்டுக்கும் நடுவில் கறிச்சட்டியோடு போய்வந்தேன்.

அடுத்த வருடம் என் கணவருக்கு வருத்தம் வந்தது. முதலில் இடுப்பு நோ என்றார்கள், பிறகு எலும்பில் புற்று என்றார்கள். கிழமைக்குக் கிழமை தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்கு மருந்தேற்றப் போகவேண்டும். நன்றாக இருந்த மனிதர் சேட்டுக்குள் ஒடுங்கிப்போனார். ஓட்டோவில் ஒருமுறை கொண்டுபோனேன், வாடகை வான் பிடித்து ஒருமுறை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் என் கையை நெரித்த நெரிப்பில் விரல்கள் கன்றிப்போயின.

மூன்றாம் கிழமை காலையில் வாசலில் பிக்கப் நின்றது. மச்சாள் இறங்கி வந்து, தம்பியோடு ஒன்றும் கதைக்காமல், கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். எந்தப் பொருளையும் கையில் எடுத்துப் பாரம் பார்க்கிற அவருடைய முகம் அன்றைக்கு வெளுத்ததை நான் பார்த்தேன்.

வெறும் பிக்கப்பில் போவது ஓட்டோவை விட மோசம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பெரும் பாரத்துக்கென்று அமைத்த இரும்பு வில், மூன்று பேருக்கு வளைந்தே கொடுக்காது. கல்லில் கல் மோதுவதுபோல் ஒவ்வொரு குழியும் நேராக உடம்பில் ஏறியது. என் கணவர் துவாயைக் கடித்துக்கொண்டார். கோண்டாவிலில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, மச்சாள் ஸ்ரேறிங்கில் தலையைச் சாய்த்தார். வீதி வேலைக்காகக் குவித்திருந்த மணலைக் கேட்டு வாங்கி, சாக்குகளில் நிரப்பிப் பின்னால் போட்டார். கொஞ்சம் தாழ்ந்தது, கொஞ்சம் இதமாகியது. தம்பிக்காக அவர் தன் கையால் வண்டியில் பாரம் ஏற்றியது அதுதான் முதல் தரம்.

அன்று பின்னேரமே பட்டறையைத் திறந்தார்.

"மச்சாள், நூல் இழுக்க வாரும்."

என் கணவரைச் சாய்மனைக் கதிரையில் வைத்துப் பட்டறை வாசலுக்குக் கொண்டுவந்தோம். முதலில் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் நூலைப் பரப்பிய விதம் பொறுக்காமல் வாய் திறந்தார்.

"நடுவிலை மட்டும் தடிப்பு போதும் அக்கா. நுனிக்குப் போகப் போக மெலிஞ்சு வரவேணும். அப்பதான் மெத்தெண்டு குடுக்கும்."

"இப்பிடியோ?"

"இன்னும் மெல்லிசா."

அதற்குப் பிறகு அவர் சொல்லச் சொல்ல அக்கா செய்தார். இடையில் அவர் கேட்டார்: "உந்த வில்லு மீனுக்குத் தாங்காது. தெரியுமோ?"

"தெரியும். மீன் கொண்டுபோக ஊரிலை ஆக்கள் இருக்கினம்."

"உன்ரை வாடிக்கையெல்லாம் போயிடும்."

"போகட்டும்."

என் கணவர் கதிரையில் கொஞ்சம் நிமிர்ந்தார். பிறகு, "என்னை எத்தினை கிலோவுக்குக் கணக்குப் போட்டிருக்கிறாய்?" என்று கேட்டார்.

மச்சாள் உருளையை நிறுத்தவில்லை. "இண்டைக்கு இருக்கிற பாரத்துக்குத்தான். நீ தேறிவந்து உதை முறிக்கவேணும். அதுக்குத்தான் செய்யிறன்."

அந்த வில் பூட்டிய பிக்கப் வீதியில் போவதுபோல் இல்லை, தண்ணீரில் வள்ளம் போவதுபோல் போனது. மருந்தேற்றிக் களைத்து வரும்போது என் கணவர் நித்திரை கொள்ளத் தொடங்கினார். மச்சாள் ஓரக்கண்ணால் அவரைப் பார்த்துப் பார்த்து மெதுவாக ஓட்டுவார். பின்னால் வருகிறவர்கள் ஹோர்ன் அடித்தால், "போங்கோ, போங்கோ, என்னட்டை நித்திரை கொள்ளுற ஆள் இருக்குது" என்று கையைக் காட்டுவார். ஒரு மாரி முழுக்க அப்படிப் போய்வந்தோம். மீன் வாடிக்கை என் கணவர் சொன்னதுபோலவே போனது. திரும்பி வரவுமில்லை. பிற்காலத்தில் மச்சாள் தம்பியோடு பட்டறையில்தான் வேலை செய்தார். அதைப் பற்றி ஒரு நாளும் குறைபட்டு நான் கேட்டதில்லை.

மாசிப் பனி விலகுகிற நேரம், டொக்டர் இனிக் கிழமைக்குக் கிழமை வரவேண்டாம், ஆறு மாதம் கழித்து வந்து காட்டினால் போதும் என்றார். திரும்பி வரும் வழியில் ஒருவரும் பெரிதாகக் கதைக்கவில்லை. சொன்னால் கலைந்துவிடுமோ என்ற பயம்தான். இணுவிலில், வீதியோரத் தோட்டத்தில் உருளைக்கிழங்கு கிண்டிக்கொண்டிருந்தார்கள். காலெல்லாம் செம்மண்ணோடு ஒரு தோட்டக்காரர் மூட்டைகளைப் பெரிய தராசில் ஏற்றி நிறுத்துக்கொண்டிருந்தார். மச்சாள் பிக்கப்பை நிறுத்தினார்.

"இறங்கு," என்றார் தம்பியிடம்.

"கிழங்கு வாங்கவோ?"

"இறங்கு எண்டுறன்."

அவரை வரம்பால் கூட்டிக்கொண்டுபோய்த் தோட்டக்காரருக்கு முன்னால் நிறுத்தினார். "அண்ணை, குறை நினைக்காதேங்கோ. இவனை ஒருக்கால் நிறுத்துத் தாங்கோ."

தோட்டக்காரர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். என் கணவரின் மயிர் உதிர்ந்த தலையில் அவர் கண் ஒரு கணம் நின்றது. தராசில் இருந்த மூட்டையை இறக்கினார். தட்டிலிருந்த மண்ணைத் தன் தோள் துண்டால் தட்டிவிட்டார்.

என் கணவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். மச்சாள் குனிந்து முள்ளைப் பார்த்தார்; வில்லுக்கு அவர் போட்ட கணக்கைத் தாண்டி அது நின்றது. நிமிர்ந்து அவரைப் பார்த்தார். திரும்பவும் குனிந்து பார்த்தார். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

தோட்டக்காரருக்கு விளங்கிவிட்டது போல. "அக்கா, உவர் கிலோ என்ன விலை?" என்று கேட்டார்.

"விக்கிறதுக்கில்லை அண்ணை," என்றார் மச்சாள். கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் அவர் சிரித்தார். "இன்னும் நல்லா முத்தவேணும்."

கிண்டிக்கொண்டிருந்த பெண்களும் நிமிர்ந்து சிரித்தார்கள். நிறுக்கவேண்டிய மூட்டைகள் வரிசையில் கிடந்தன, வாங்க வந்த லொறி வீதியில் காத்துநின்றது. என் கணவர் தராசில் நேராக நின்றுகொண்டிருந்தார். இறங்கச் சொல்லி அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை.